ரெண்டு வளைவு எங்க வெட்டிக்குது? எக்செல்ல கண்டுபிடிக்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்துல சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்குறேன். ப்ளஸ் டூ பசங்க, டிப்ளமோ பசங்க, போர்வெல் மோட்டார் விக்கிற கடைக்காரர், மாங்கா மண்டில கணக்கு பாக்குறவருன்னு யார் வந்தாலும் சுத்தி சுத்தி ஒரே கேள்விதான், ஆளுக்கு ஒரு விதமா கேக்குறாங்க, ஒருத்தர் "மோட்டார் எவ்ளோ தண்ணி தரும்"பாரு, இன்னொருத்தர் "எத்தன கிலோ வித்தா நஷ்டம் இல்ல"ம்பாரு, பசங்க நேராவே "இந்த ரெண்டு கர்வ் எங்க சார் மீட் ஆகுது"ன்னு கேப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே வேலதான். அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், ஃபார்முலாவ தமிழ் எழுத்துல போட்டிருக்கேன். ஷீட்டுல அடிக்கும்போது செல் பேரு, ஃபங்ஷன் பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க. ^ குறி ஷிஃப்டும் 6ம் சேத்து அழுத்தினா வரும்.

கேள்வி: சார்ட் போட்டு பாத்தா போதாதா சார்? ரெண்டு கோடும் வெட்டிக்கிற எடம் கண்ணுக்கே தெரியுதே?

தெரியும். ஆனா எவ்ளோன்னு தெரியாது. "நூத்திப் பத்துக்கும் நூத்தி இருவதுக்கும் நடுவுல"ன்னுதான் சொல்ல முடியும். சார்ட் எதுக்குன்னா எத்தன எடத்துல வெட்டுது, தோராயமா எங்க வெட்டுதுன்னு பாக்க. நம்பர் வேணும்னா ஷீட்டுக்குதான் வரணும்.

இதுல ரொம்ப பேர் பண்ற தப்பு லைன் சார்ட் எடுக்குறது. அது எக்ஸ் மதிப்ப நம்பராவே பாக்காது, வெறும் பேரா எடுத்துக்கும், 10, 20, 100ன்னு குடுத்தா மூணையும் சம தூரத்துல அடுக்கி வெச்சுடும், கோடோட வடிவமே மாறிப்போயிடும். ஸ்கேட்டர் சார்ட் எடுங்க. அதுலயும் வளைச்சு வளைச்சு அழகா போடுற ஸ்மூத் லைன் இருக்கு பாருங்க, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல இருக்குற அந்த வளைவு எக்செல் தானா வரையறது, உங்க டேட்டா இல்ல. அத நம்பி நம்பர் படிக்காதீங்க.

கேள்வி: சரி, அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்கண்ணா.

போர்வெல் மோட்டார வெச்சே சொல்றேன், நம்ம ஊர்ல அது புரியாத ஆளே கிடையாது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வளைவு உண்டு, கேட்லாக்ல டேபிளா குடுத்திருப்பாங்க. தண்ணிய எவ்ளோ உயரம் தள்ளணுமோ அதுக்கேத்த மாதிரி ஓட்டம் கொறையும். இது ஒரு கோடு. இன்னொரு கோடு நம்ம பைப்போடது. தண்ணி மட்டத்துல இருந்து டேங்க் வரைக்கும் இருக்குற உயரம், அதோட பைப்புக்குள்ள உரசறதால வர்ற இழப்பு, ஓட்டம் ஜாஸ்தியானா இந்த இழப்பும் ஜாஸ்தியாகும். இந்த ரெண்டும் எங்க வெட்டிக்குதோ அங்கதான் மோட்டார் நிஜமா ஓடும். மோட்டார் மேல என்ன நம்பர் ஒட்டியிருந்தாலும் சரி, உங்க தோட்டத்துல வர்ற தண்ணி இந்த எடம்தான்.

கணக்கு சுலபமா இருக்க நானே நம்பர் போட்டுக்கறேன். ஏ காலத்துல (காலம்னா ஷீட்டுல மேல இருந்து கீழ போற வரிசை) ஓட்டம், நிமிஷத்துக்கு எத்தன லிட்டர்னு. பி காலத்துல மோட்டார் தள்ளக்கூடிய உயரம் மீட்டர்ல, =150-0.00375*ஏ2^2. சி காலத்துல பைப்புக்குத் தேவைப்படுற உயரம், =90+0.0009375*ஏ2^2. (தண்ணி மட்டம் தரைக்குக் கீழ 82 மீட்டர், டேங்க் தரைக்கு மேல 8 மீட்டர், மொத்தம் 90.) இப்ப முக்கியமான காலம், டி. அதுல =பி2-சி2. அவ்ளோதான்.

0 லிட்டர்: 150, 90, வித்தியாசம் 60
40 லிட்டர்: 144, 91.5, வித்தியாசம் 52.5
80 லிட்டர்: 126, 96, வித்தியாசம் 30
120 லிட்டர்: 96, 103.5, வித்தியாசம் -7.5
160 லிட்டர்: 54, 114, வித்தியாசம் -60

ரெண்டு கோட்டையும் மறந்துடுங்க, டி காலத்த மட்டும் மேல இருந்து கீழ பாத்துட்டே வாங்க. 30ல இருந்து -7.5க்கு குதிக்குது பாருங்க, பிளஸ் மைனஸா மாறுதுன்னா நடுவுல எங்கயோ பூஜ்யத்த தாண்டியிருக்கு, வித்தியாசம் பூஜ்யம்னா ரெண்டு கோடும் ஒரே உயரத்துல இருக்குன்னு அர்த்தம், அதான் வெட்டிக்கிற எடம். 80க்கும் 120க்கும் நடுவுல.

கேள்வி: நடுவுலன்னா எங்க? எனக்கு ஒரே நம்பர் வேணும்.

ஈ காலத்துல மூணாவது ரோல இத போட்டு கீழ வரைக்கும் இழுங்க:

=இஃப்(டி2*டி3<0, ஏ2-டி2*(ஏ3-ஏ2)/(டி3-டி2), "")

ரெண்டு பக்கத்து வித்தியாசத்த பெருக்கினா மைனஸ் வந்தா மட்டும் கணக்கு போடும், இல்லன்னா செல்ல காலியா விட்டுடும். அந்த கணக்கு என்னன்னா, 80க்கும் 120க்கும் நடுவுல வித்தியாசம் நேர்கோடா இறங்குதுன்னு வெச்சுகிட்டு அது பூஜ்யத்த தொடுற எடத்த பங்கு போட்டு எடுக்குது. நம்ம டேபிளுக்கு 112 வரும்.

உண்மையான விடை 113.14. ஒரு லிட்டர் சொச்சம் கொறையுது, ஏன்னா நடுவுல நேர்கோடு இல்ல, வளைவு. ஓட்டத்த 40, 40ஆ ஏத்தாம 10, 10ஆ ஏத்தி டேபிள் போட்டா இதே ஃபார்முலா 113.04 குடுக்கும். தோட்டத்துக்கு இது தாராளம், வால்வ ஒரு இழை திருப்பினாலே அதுக்கு மேல மாறும்.

கேள்வி: இன்னும் துல்லியமா வேணும்னா ஆயிரம் ரோ போடணுமா?

வேணாம். எஃப்1ல ஆரம்ப நம்பர், எஃப்2ல எத்தன எத்தனயா ஏறணும்னு ரெண்டு செல் ஒதுக்குங்க. ஏ2ல =$எஃப்$1, ஏ3ல =ஏ2+$எஃப்$2, அத கீழ இழுத்துடுங்க. டாலர் குறி போட மறந்தா இழுக்கும்போது எஃப்3, எஃப்4ன்னு நழுவிப் போயிடும், அத கவனிங்க. மொதல்ல 0, 40. எங்க குறி மாறுதுன்னு தெரிஞ்சதும் எஃப்1ல 80, எஃப்2ல 10. அடுத்து 110, 1. அப்புறம் 113, 0.1. நாலு தடவ மாத்தினா 113.1க்கும் 113.2க்கும் நடுவுல வந்து நிக்கும், அதுக்கு மேல ஈ காலம் பாத்துக்கும். பத்து பன்னெண்டு ரோ போதும். போன்ல ஷீட் போடுறவங்களுக்கும் இதுதான் சவுகரியம்.

கேள்வி: கோல் சீக்னு ஒண்ணு இருக்காமே, அது இதையெல்லாம் தானா பண்ணாதா?

பண்ணும். ஒரு தனி ரோ எடுத்துக்கோங்க, பத்தாவது ரோன்னு வெச்சுப்போம். ஏ10ல ஒரு குத்துமதிப்பு, 100னு போடுங்க. பி10, சி10, டி10ல அதே ஃபார்முலா. டேட்டா டேப், வாட் இஃப் அனாலிசிஸ், கோல் சீக். செட் செல் டி10, டூ வேல்யூ 0, பை சேஞ்சிங் செல் ஏ10. ஓகே குடுத்தா ஏ10ல 113.1 சொச்சம் வந்து உக்காரும். லிப்ரே ஆபீஸ்ல டூல்ஸ் மெனுல இருக்கு, கூகுள் ஷீட்ஸ்ல தனியா ஆட் ஆன் போட்டுக்கணும்.

ஆனா எனக்கு அது மேல பாதி நம்பிக்கதான், காரணம் சொல்றேன். மொதல் விஷயம், அது ஒரு தடவ கண்டுபிடிச்சு நம்பர எழுதிட்டு போயிடும், நாளைக்கு தண்ணி மட்டத்த மாத்தினா விடை மாறாது, மறுபடி ஓட்டணும், மறந்துட்டு பழைய நம்பர பாத்துட்டு இருப்போம். டி காலமும் ஈ காலமும் அப்படி இல்ல, மாத்தின உடனே மாறிடும். ரெண்டாவது, எங்க ஆரம்பிக்கிறோமோ அதுக்கு பக்கத்துல இருக்குறதத்தான் பெரும்பாலும் புடிக்கும். ஏ10ல -100 போட்டு ஓட்டிப் பாருங்க, -113.1ன்னு வந்து நிக்கும், கணக்குப்படி அதுவும் சரிதான், ஆனா மோட்டார் தண்ணிய போர்க்குள்ள திருப்பி உறியுதுன்னு அர்த்தம்!

கேள்வி: காஸ் எக்ஸும் எக்ஸும் வெட்டிக்கிற எடம் கோல் சீக்ல போட்டேன், புக்குல இருக்குற விடையோட மூணாவது இலக்கத்துலயே ஒத்து வரல. ஏன் சார்?

எக்செல் கோல் சீக் வித்தியாசம் 0.001க்குள்ள வந்துட்டாலே "கெடச்சுடுச்சு"ன்னு நின்னுடும், அதான் அதோட இயல்பு. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஃபார்முலாஸ்ல போய் மேக்சிமம் சேஞ்ச்ங்கிற எடத்துல 0.000001னு போட்டுட்டு மறுபடி ஓட்டுங்க, 0.739085 வரும். இல்லன்னா டி10 பக்கத்துலயே =டி10*1000000னு இன்னொரு செல் போட்டு அத செட் செல்லா குடுத்தாலும் வேல ஆகும்.

காஸ், சைன் போடும்போது எக்செல் ரேடியன்லதான் எடுத்துக்கும், டிகிரியில இல்ல. இது தெரியாம வாரம் ஒருத்தராவது வந்து நிக்கிறாங்க.

கேள்வி: கோடையில மட்டும் தண்ணி ரொம்ப கொறஞ்சுடுது, மோட்டார் ரிப்பேரா?

இது எக்செல் கேள்வி இல்லன்னாலும் பாலக்கோடு பக்கம், ஊத்தங்கரை பக்கம் இருந்து வர்றவங்க எல்லாரும் கேக்குறது. பல நேரம் மோட்டார்ல ஒண்ணும் இருக்காது. தண்ணி மட்டம் 20 மீட்டர் கீழ போச்சுன்னு வெச்சுக்கோங்க, சி காலத்துல 90க்கு பதிலா 110 போடுங்க. பைப்போட கோடு அப்படியே மேல தூக்கும், வெட்டிக்கிற எடம் இடது பக்கம் நகரும், நிமிஷத்துக்கு 113 லிட்டர் இருந்தது 92 லிட்டர் ஆயிடும். அதே மோட்டார், அதே பைப். மெக்கானிக்க கூப்புடுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ போட்டு பாத்துடுங்க.

இதுலயே இன்னொரு தப்பு, மோட்டார எத்தன அடியில இறக்கியிருக்கோமோ அந்த ஆழத்த போடுறது. அது தேவையில்ல. மோட்டாருக்கு மேல நிக்கிற தண்ணி தன் பங்குக்கு அழுத்தம் குடுக்கும், அதனால தண்ணி மட்டத்துல இருந்துதான் உயரம். அதுவும் மோட்டார் ஓடும்போது இருக்குற மட்டம், காலைல ஓட்டுறதுக்கு முன்னாடி கயிறு விட்டு பாத்த மட்டம் இல்ல.

உரசல் இழப்ப நான் ஓட்டத்தோட வர்க்கமா போட்டது கணக்கு சுலபத்துக்காக. தண்ணி பைப்புக்கு இன்ஜினியருங்க அதிகமா எடுக்குற ஹேசன் வில்லியம்ஸ் முறையில அடுக்கு 1.852. சி காலத்துல மட்டும் ^2 எடத்துல ^1.852 போட்டு, முன்னாடி இருக்குற நம்பர உங்க பைப்புக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க, மத்ததெல்லாம் இதேதான். கையால சமன்பாடு தீக்கறத விட ஷீட் எங்க ஜெயிக்குதுன்னா இங்கதான், அடுக்கு 1.852ஆ இருந்தா என்ன 2ஆ இருந்தா என்ன, அதுக்கு கவலையே இல்ல.

கேள்வி: எனக்கு ரெண்டு கோடும் வெட்டவே இல்ல, டி காலம் முழுக்க மைனஸ்.

மொதல்ல அளவு பாருங்க. நான் சொந்தமா அடிவாங்கின கதை இது. சொந்தக்காரர் தோட்டத்துக்கு கணக்கு போட உக்காந்தேன், அவரு "முந்நூறு அடியில தண்ணி மாப்ள"ன்னாரு, நான் பாட்டுக்கு சி காலத்துல 300னு அடிச்சுட்டேன், பி காலமோ மீட்டர். மோட்டார் தூக்குறதே அதிகபட்சம் 150, தேவையோ 300ல ஆரம்பிக்குது, எப்படி வெட்டும்? அரை மணி நேரம் ஃபார்முலாவ மாத்தி மாத்தி பாத்துட்டு, "மாமா இந்த மோட்டார் ஆகாது, பெருசா வாங்குங்க"ன்னு வேற சொல்லிட்டேன். அத்த டீ கொண்டாந்து வெச்சுட்டு "அடியா மீட்டரா"ன்னு கேட்டாங்க. 300 அடின்னா 91 மீட்டர் சொச்சம், 3.28ஆல வகுக்கணும். அன்னைல இருந்து ஒவ்வொரு காலத்து தலைப்புலயும் அளவ எழுதாம நான் ஒரு ஷீட்டும் ஆரம்பிக்கிறதில்ல.

அளவு சரியா இருந்தா அடுத்து மைனஸ் குறி. =-ஏ2^2+80*ஏ2னு அடிச்சா எக்செல் மொதல்ல மைனஸ ஏ2வோட சேத்துட்டு அப்புறம் வர்க்கம் எடுக்கும், அதாவது =-3^2க்கு 9 வரும், -9 இல்ல. மேத்ஸ் சார் சொல்லிக் குடுத்ததுக்கு நேர் எதிர். =80*ஏ2-ஏ2^2னு திருப்பி எழுதிடுங்க, பிரச்சன தீந்துது.

இதெல்லாம் சரியா இருந்தும் வெட்டலன்னா நிஜமாவே வெட்டலன்னு அர்த்தம், அதுவும் ஒரு விடைதான்.

கேள்வி: ரெண்டு எடத்துல வெட்டினா?

ஈ காலத்துல ரெண்டு நம்பர் தெரியும், அவ்ளோதான். மாங்கா சீசன்ல மண்டிக்காரர் பையன் கேட்ட கணக்கு இது. பைபாஸ் ஓரமா வண்டி போட்டு செந்தூரா விக்கிறதா வெச்சுக்கோங்க. கிலோ 100 ரூபான்னு ஆரம்பிக்கலாம், ஆனா ஒவ்வொரு கிலோ கூடுதலா தள்ளணும்னாலும் வெலைய ஒரு ரூபா கொறைக்கணும். அப்ப வரவு =ஏ2*(100-ஏ2). செலவு, வண்டி வாடகை 900, கொள்முதல் கிலோவுக்கு 20, அதாவது =900+20*ஏ2. ஒவ்வொரு கிலோவா டேபிள் போட்டா 13ல நஷ்டம் 29, 14ல லாபம் 24. ஈ காலம் 13.55ங்குது. அதுக்கப்புறம் லாபம் ஏறி 40 கிலோல 700 ரூபா வரைக்கும் போயி, மறுபடி இறங்கி 66க்கும் 67க்கும் நடுவுல பூஜ்யத்த தாண்டுது, 66.45. அதாவது 14 கிலோவுக்கு கொறஞ்சாலும் நஷ்டம், 66க்கு மேல வெலைய கொறச்சு கொறச்சு தள்ளினாலும் நஷ்டம். அந்தப் பையனுக்கு மொத எடம் முன்னாடியே தெரியும், ரெண்டாவது எடம்தான் புதுசு. கோல் சீக்ல 10ல இருந்து ஆரம்பிச்சிருந்தா அந்த ரெண்டாவது எடம் தெரிஞ்சே இருக்காது.

கேள்வி: வெட்டாம தொட்டுட்டு மட்டும் போனா உங்க ஃபார்முலா கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்காது, இதுதான் இந்த முறையில இருக்குற பெரிய ஓட்டை. அதே மாங்கா கணக்குல வாடகை 1600 ஆயிடுச்சுன்னு போடுங்க. வித்தியாசம் எங்கயும் பிளஸ் ஆகாது, 40 கிலோல மட்டும் சரியா பூஜ்யத்த தொட்டுட்டு திரும்பிடும். டேபிள 15, 15ஆ போட்டிருந்தா 30ல -100, 45ல -25, 60ல -400. குறி மாறல, ஈ காலம் காலி, "வெட்டவே இல்ல"ன்னு சொல்லிட்டு போயிடுவோம். 1, 1ஆ போட்டாலும் 40ல பூஜ்யம் வருமே தவிர பெருக்கல் மைனஸ் ஆகாது. <0க்கு பதிலா <=0 போட்டா புடிக்கும், ஒரே நம்பர் ரெண்டு ரோல வரும், பரவால்ல.

அதனால டி காலத்துல குறி மட்டும் பாக்காதீங்க, பூஜ்யத்துக்கு பக்கத்துல வந்துட்டு திரும்புதான்னும் பாருங்க. =ஏபிஎஸ்(டி2)ன்னு (மைனஸ் குறிய எடுத்துட்டு அளவ மட்டும் காட்டும்) ஒரு காலம் போட்டு அதுல எது சின்னதுன்னு தேடி, அந்த எடத்துல டேபிள நுணுக்கமா போட்டா தெரிஞ்சுடும். வாடகை 1700 ஆனா தொடக்கூட தொடாது, எத்தன கிலோ வித்தாலும் 100 ரூபாயாவது நஷ்டம்தான்.

கேள்வி: ஃபார்முலா இல்ல, வெறும் ரீடிங்தான் இருக்கு. அதுவும் ரெண்டுக்கும் எக்ஸ் வேற வேற.

வித்தியாசம் எடுக்கணும்னா ரெண்டுக்கும் ஒரே எக்ஸ் வேணும். ரீடிங் நெருக்கமா இருந்தா, ஒரு கோட்டோட எக்ஸ எடுத்துகிட்டு அந்த எடத்துல இன்னொரு கோட்டுக்கு பக்கத்து ரெண்டு புள்ளிய வெச்சு மேல சொன்ன மாதிரியே பங்கு போட்டு எடுங்க. ரீடிங் கொறச்சலா, முன்னப்பின்ன இருந்தா சார்ட்ல ட்ரெண்ட்லைன் (புள்ளிங்களுக்கு பொருந்துற மாதிரி எக்செல் போடுற கோடு) போட்டு அதோட சமன்பாட்ட எடுக்கலாம்.

அங்க ஒரு பள்ளம் இருக்கு. சார்ட் மேல காட்டுற சமன்பாட்டுல நம்பர சுருக்கி காட்டும். நம்ம மோட்டாரையே மணிக்கு லிட்டர்ல போட்டா 0.00375ங்கிறது 0.00000104 ஆயிடும், சார்ட்ல 1ஈ-06னு நிக்கும், அத பாத்து எழுதினா அங்கயே நூத்துக்கு நாலு காணாம போச்சு. லேபிள்ல ரைட் கிளிக் பண்ணி நம்பர் ஃபார்மட்ட சயின்டிஃபிக்னு மாத்தி பத்து இலக்கம் காட்ட வெச்சுட்டு அப்புறம் காப்பி பண்ணுங்க.

கேள்வி: ட்ரெண்ட்லைன நீட்டி, டேட்டாவுக்கு வெளிய வெட்டுற எடத்த சொல்லலாமா?

சொல்லாதீங்க. நம்ம ரெண்டு மாவட்டத்து ஜனத்தொகையவே எடுத்துக்கோங்க. 2001ல இப்ப இருக்குற தர்மபுரி மாவட்டத்து பகுதி 12.95 லட்சம், கிருஷ்ணகிரி பகுதி 15.61 லட்சம். 2011ல 15.07 லட்சம், 18.80 லட்சம். வித்தியாசம் 2.66ல இருந்து 3.73 லட்சம் ஆயிடுச்சு, போகப் போக விலகுது, முன்னாடி எங்கயும் வெட்டாது. கோட்ட பின்னாடி நீட்டினா 1976 வாக்குல ரெண்டும் சமம்னு ஷீட் அழகா நம்பர் குடுக்கும். 1976ல கிருஷ்ணகிரின்னு மாவட்டமே கிடையாது, 2004லதான் தர்மபுரியில இருந்து பிரிச்சாங்க, எங்க தாத்தா கடைசி வரைக்கும் அட்ரஸ்ல தர்மபுரி டிஸ்ட்ரிக்ட்னுதான் எழுதினாரு. ரெண்டே புள்ளிய வெச்சு இருபத்தஞ்சு வருஷம் பின்னாடி போனா இப்படித்தான்.

கேள்வி: ரெண்டும் நேர்கோடுன்னா இவ்ளோ வேல எதுக்கு?

வேணாம். டெம்போ வாடகை மாதிரி கணக்கு அது. ஒருத்தர் 1500 ரூபா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 18. இன்னொருத்தர் 600, கிலோமீட்டருக்கு 25. 900அ 7ஆல வகுங்க, 128.6. கிருஷ்ணகிரில இருந்து பெங்களூர் சுமாரா 90 கிலோமீட்டர், அங்கன்னா ரெண்டாவது ஆளு. சென்னைன்னா மொத ஆளு. காகிதத்துலயே முடிஞ்சுது.

கேள்வி: வட்டம் மாதிரி ஒரு எக்ஸுக்கு ரெண்டு ஒய் வந்தா?

மேல் பாதிக்கு ஒரு காலம், கீழ் பாதிக்கு ஒரு காலம். ரெண்டுக்கும் தனித்தனியா வித்தியாசம். வட்டத்துக்கு வெளிய போனா வர்க்கமூலம் எடுக்க முடியாம #NUM! எர்ரர் காட்டும், பயப்படாதீங்க, அங்க வட்டம் இல்லன்னு சொல்லுது.

கேள்வி: வெட்டுற புள்ளிய சார்ட்ல பெருசா ஒரு பொட்டு மாதிரி காட்டணும், ப்ராஜெக்டுக்கு.

ஈ காலத்துல வந்த எக்ஸ ஒரு செல்லுல எடுத்து, பக்கத்து செல்லுல அத பி ஃபார்முலால போட்டு ஒய் எடுங்க. சார்ட்ல செலக்ட் டேட்டா போய் அந்த ஒத்த புள்ளிய மூணாவது சீரிஸா சேருங்க, மார்க்கர் சைஸ 10 ஆக்கி செவப்பு குடுங்க. ஷேப் மெனுல இருந்து வட்டத்த இழுத்து மேல ஒட்ட வைக்காதீங்க, தண்ணி மட்டத்த மாத்தினதும் கோடு நகந்துடும், வட்டம் மட்டும் பழைய எடத்துலயே நிக்கும், போன வருஷம் ஒரு பையன் வைவாவுல அப்படித்தான் மாட்டிகிட்டான்.